மகன் உயிரோடிருக்கும் தாய்: திரிரஷ்மி மலையில் பெண்கள் எழுதிய சாதவாகன வரலாறு

சாதவாகனரைப் பற்றி நாம் பள்ளியில் படித்தவற்றில் பாதி, ஒரு தாய் சொன்னவை. கௌதமிபுத்திர சாதகர்ணி சகரையும் யவனரையும் பஹ்லவரையும் அழித்தான். அவனுடைய குதிரைகள் மூன்று கடல்களின் நீரைக் குடித்தன. குடிமக்களின் இன்ப துன்பங்களை அவன் தனதாகக் கருதினான். போட்டித் தேர்வுக் கையேடுகள்வரை வந்து சேர்ந்துவிட்ட இந்தச் செய்திகளுக்கெல்லாம் மூலம், நாசிக் நகரை ஒட்டிய திரிரஷ்மி மலையின் 3ஆம் குகையில் உள்ள ஒரு பிராகிருதக் கல்வெட்டு. அதை வெட்டுவித்தவர் அவனுடைய தாய் கௌதமி பாலஸ்ரீ. மகன் மறைந்து, பேரன் வாசிஷ்டிபுத்திர புலுமாவி அரசனாகி, அவனுடைய 19ஆம் ஆட்சியாண்டு கோடையில், தாம் பௌத்தத் துறவிகளுக்குக் கொடையளித்த குகையின் சுவரில் பாலஸ்ரீ இதைப் பொறித்தார்.

பாடநூலில் அந்தத் தாய் பேசுவதில்லை. கல்வெட்டு பேசுகிறது. 'கல்வெட்டு கூறுகிறது', 'கல்வெட்டின் மூலம் அறிகிறோம்' என்ற வாக்கியங்களில் கூறியவரின் பெயர் கழன்று விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது வென்ற மகனும் அவன் வென்ற நாடுகளின் பட்டியலும். அந்த மலைக்கு இன்று வழங்கும் பெயரும் இப்படிப்பட்டதுதான்: பாண்டவலேணி, அதாவது பாண்டவர் குகைகள். அந்தக் குகைகளில் எழுத்தாகவே இருக்கும் பெண் பெயர்களை விட்டுவிட்டு, அங்கே எங்கும் எழுதப்படாத ஐந்து ஆண்களின் பெயரில் மலை அறியப்படுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் பாலஸ்ரீயின் கல்வெட்டை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். மறக்கப்பட்ட ஒரு பெண் குரலை மீட்டு மாலை போடுவது என் நோக்கமில்லை. மீட்ட பிறகு அந்தக் குரல் என்ன சொல்கிறது, யாருக்காகச் சொல்கிறது, பேசும் உரிமைக்கு அது கொடுத்த விலை என்ன என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு அரச குலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆண்களின் படைகளை வைத்தல்லாமல், அதே மலையில் வேறு வேறு காலத்துப் பெண்கள் விட்டுச்சென்ற வரிகளை வைத்துச் சொல்ல முடியுமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடைமொழியான அரசன்

இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: 'அவரே எழுதினாரா? அரசவைப் புலவர் யாராவது எழுதியிருப்பார், இல்லையா?' இருக்கலாம். அலகாபாத் தூணில் சமுத்திரகுப்தனின் வெற்றிகளைப் பாடியவன் ஹரிஷேணன். ஆனாலும் அதைச் சமுத்திரகுப்தனின் கல்வெட்டு என்றே சொல்கிறோம்; யாரும் ஐயத்தோடு புருவம் உயர்த்துவதில்லை. பெண் பெயரில் இருக்கும் பிரதிக்குத்தான் எழுதியவர் யார் என்ற விசாரணை. வெட்டுவித்தவர் தம் பெயரில் நிறுத்திய சொல் அவருடைய சொல் என்று கொள்வதுதான் நேர்மை. அப்படிக் கொண்டால், அதற்கான பொறுப்பையும் அவரிடமே கேட்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வகை எழுத்து புதிதல்ல. சோழர்களின் மெய்க்கீர்த்தி நமக்குத் தெரியும். வென்ற நாடுகளை வரிசையாக அடுக்கி, திருமகளையும் நிலமகளையும் அரசனுக்கு உரிய பெண்களாக்கி, கடைசியில் அரசன் பெயரில் வந்து முடியும் நடை அது. பாலஸ்ரீயின் கல்வெட்டும் அடுக்குகிறது. அசிகம், அசகம், மூலகம், சுராஷ்டிரம், குகுரம், அபராந்தம், அனூபம், விதர்ப்பம், ஆகராவந்தி என்று நாடுகள். விந்தியம், சஹ்யம், மலயம், மகேந்திரம் என்று மலைகள். மகனின் முகம் காலைக் கதிரில் விரிந்த தாமரை; நடை யானை நடை; தோள்கள் நாகராசனின் உடல்போலத் திரண்டவை. இராமனுக்கும் கேசவனுக்கும் அர்ச்சுனனுக்கும் பீமசேனனுக்கும் நிகரானவன். தாயின் சொல்லுக்கு இடைவிடாமல் பணிந்தவன் என்ற அடைமொழியும் இந்த வரிசையில் இருக்கிறது.

ஆனால் மெய்க்கீர்த்தியிலிருந்து இது இலக்கண அளவிலேயே வேறுபடுகிறது. பாலஸ்ரீயின் கல்வெட்டில் மகனைப் பற்றிய அத்தனை அடைகளும் ஆறாம் வேற்றுமையில் இருக்கின்றன. இன்ன நாடுகளின் அரசனுடைய, இன்ன மலைகளின் தலைவனுடைய, இன்னாரை வென்றவனுடைய என்று ஒரே மூச்சில் நீண்டு, 'சாதகர்ணியின் தாய்' என்ற இடத்தில்தான் தொடர் கால் ஊன்றுகிறது. அங்கிருந்து தாயைப் பற்றிய சொற்கள் தொடங்குகின்றன: வாய்மையிலும் கொடையிலும் பொறுமையிலும் கொல்லாமையிலும் ஊன்றியவர், தவமும் அடக்கமும் நோன்பும் உடையவர், இராசரிஷியின் மனைவி என்ற பெயருக்கு முற்றும் பொருந்துபவர், கைலாய மலைபோன்ற இந்தக் குகையைக் கொடுத்தவர். மகன் வென்ற முழுத் தக்காணமும் இந்த வாக்கியத்தில் தாய்க்கு அடைமொழி.

சாதவாகன அரசர்களின் பெயர்களில் இதற்கு நேர்மாறான அமைப்பு உண்டு. கௌதமிபுத்திரன், வாசிஷ்டிபுத்திரன், மாதரிபுத்திரன் என்று தாயின் கோத்திரப் பெயர் அரசனுக்கு அடையாக வரும். அவர்கள் வெளியிட்ட இருமொழி வெள்ளிக் காசுகளின் ஒரு பக்கத்தில் பிராகிருதமும் மறுபக்கத்தில் ஒரு திராவிட மொழியும் இருக்கின்றன. தமிழ் என்றே அதைப் படித்த அறிஞர்களும் உண்டு. அங்கே புலுமாவியின் பெயருக்கு முன்னால் நாம் எளிதில் அடையாளம் காணக்கூடிய 'மகன்' என்ற சொல் நிற்கிறது, வாசிட்டியின் மகன். சந்தையில் கைமாறிய காசிலும் தாய்ப் பெயர் இருந்தது.

இதை வைத்துச் சாதவாகனர் தாய்வழிச் சமூகத்தவர் என்று மகிழ்ந்துகொள்வோர் உண்டு. அதற்கு ஆதாரமில்லை. அரியணை தந்தையிடமிருந்து மகனுக்கே போயிற்று. கௌதமி, வாசிஷ்டி என்பவை அந்தப் பெண்களின் சொந்தப் பெயர்கள்கூட அல்ல, அவர்கள் பிறந்த வீட்டுக் கோத்திரங்கள். பல மனைவியர் உள்ள அரண்மனையில் எந்த மகன் எந்த மனைவியின் வயிற்றில் பிறந்தவன் என்று பிரித்துக்காட்ட அந்தப் பெயர் உதவியிருக்கும். தாயின் பெயர் இருப்பது தாயின் அதிகாரம் இருப்பதற்குச் சான்றாகாது. ஆகவேதான் பாலஸ்ரீயின் வாக்கியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற இடங்களில் தாய் அடைமொழி, மகன் பெயர்ச்சொல். இந்த ஒரு சுவரில் அது தலைகீழாகியிருக்கிறது.

காலியான ஊர்

அதே 3ஆம் குகையில் அதற்கு முந்தைய இரண்டு ஆணைகள் இருக்கின்றன. மகனின் 18ஆம் ஆட்சியாண்டில் பிறந்த முதல் ஆணை, வெற்றி பெற்ற படையின் பாசறையிலிருந்து வருகிறது. மேற்குக் ககடி என்ற ஊரில் இதுவரை உஷவதத்தன் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன நிலத்தைத் திரிரஷ்மி மலைத் துறவிகளுக்குக் கொடுப்பதாக அது சொல்கிறது. உஷவதத்தன், சகர் குலமான க்ஷஹராதரின் அரசன் நகபானனுடைய மருமகன். தோற்றவனின் நிலத்தை வென்றவன் தானமாகக் கொடுக்கிறான்.

இரண்டாவது ஆணை 24ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதை மகனும் தாயும் சேர்ந்து பிறப்பிக்கிறார்கள். கோவர்த்தனத்து அதிகாரி சாமகனுக்கு அவர்கள் தெரிவிக்கும் செய்தி இது: ககடியில் நாம் முன்பு கொடுத்த நிலம் உழப்படுவதில்லை, அந்த ஊரில் குடியிருப்பும் இல்லை, ஆகவே நகர எல்லையில் இருக்கும் நம் நிலத்திலிருந்து 100 நிவர்த்தனம் துறவிகளுக்குத் தரப்படுகிறது.

ஆறு ஆண்டுகளில் ஓர் ஊர் காலியாகியிருக்கிறது. ஏன் காலியானது என்று ஆணை சொல்லவில்லை. முதல் ஆணை பாசறையிலிருந்து வந்தது என்பதையும், நிலத்தின் பழைய உரிமையாளர் தோற்ற தரப்பைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால், போர் போன வழி அது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் பாலஸ்ரீ எழுதப்போகும் பெருங்கல்வெட்டில் நாடுகளும் மலைகளும் கடல்களும் வரும், ககடி வராது. உழவர் போய்விட்ட ஒரு வயல் புகழுரைக்குள் நுழைய முடியாது. ஆனால் நிர்வாக ஆணைக்குள் நுழைந்துவிட்டது. அந்த ஆணையில் தாயின் பெயர் இருக்கிறது என்பதால், அவருக்கும் ககடி தெரிந்திருந்தது.

இந்த ஆணையில் தாய் எப்படிக் குறிக்கப்படுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். மகாதேவி, அரசனின் தாய், 'ஜீவசுதா'. மகன் உயிரோடிருப்பவள் என்பது இச்சொல்லின் பொருள். நம் ஊரில் சுமங்கலி என்ற சொல் கணவனின் உயிரைப் பெண்ணின் அடையாளமாக்கிவிடுவதுபோல, இங்கே மகனின் உயிர் தாயின் பட்டமாகியிருக்கிறது. ஆணையிடும் உரிமை அந்த உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது. பேரனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் அந்தச் சொல் இல்லை. அரசனின் தாய், அரசனின் பாட்டி என்ற சொற்கள் இருக்கின்றன. இந்த இரு கல்வெட்டுகளுக்கும் நடுவில் ஒரு சாவு நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. ஒரு பட்டம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புறநானூற்றில் காவற்பெண்டு தம் வயிற்றைப் புலி தங்கிவிட்டுப் போன கல் குகையாகச் சொன்னதை நம் மாணவிகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். வீரத்தாய் என்று தலைப்பிட்டு நாங்கள் அதை நடத்துகிறோம். பாலஸ்ரீ உண்மையாகவே ஒரு குகையைக் குடைவித்தார். முகப்பில் பூதகணங்கள் கீழிருந்து தாங்குவதுபோல் செதுக்கி, உள்ளே துறவிகளைக் குடிவைத்து, சுவரில் மகன் பெயரை எழுதினார். இந்த இரண்டு தாய்மாரிடமும் நான் தேடுவது ஒன்றுதான்: வீரம் என்ற சொல்லுக்குக் கீழே துக்கத்துக்கு இடம் விடப்பட்டிருக்கிறதா? பாலஸ்ரீயிடம் அந்த இடம், புகழுரையின் நீளமாக இருக்கிறது. இறந்தவனைப் பற்றி அழ அனுமதிக்காத ஒரு மொழியில், அவன் உடலின் ஒவ்வொரு உறுப்பையும் நிறுத்தி நிறுத்திச் சொல்ல மட்டும் இடமிருந்தது. முகம், கண், தோள், கை, நடை என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார்.

பேசுவதற்கான தகுதி

பாலஸ்ரீக்கு முன்பே இந்தக் குலத்தில் இன்னொரு பெண் பாறையில் பேசியிருக்கிறார். கொங்கணக் கடற்கரையிலிருந்து ஜுன்னருக்கு ஏறும் நாணேகாட் கணவாயில் உள்ள குகைக் கல்வெட்டு, முதலாம் சாதகர்ணியின் மனைவி நாகனிகாவினுடையது என்று கொள்ளப்படுகிறது. கணவருடன் செய்த வேள்விகளையும் கொடுத்த தட்சிணைகளையும் அது பட்டியலிடுகிறது. அசுவமேதம், இராசசூயம், ஆயிரக்கணக்கில் பசுக்கள், 24,400 கார்ஷாபணக் காசுகள். இந்திய எண் குறிகளின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் இந்தச் சுவருக்கு வருவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அங்கே ஒருகாலத்தில் சிமுகன் முதலான குலத்தாரின் உருவங்கள் வரிசையாக இருந்தன. நாகனிகாவும் சாதகர்ணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இப்போது உருவங்கள் இல்லை, பெயர்கள் மட்டும் இருக்கின்றன. கடற்கரை வணிகம் மேட்டுநிலத்துக்கு ஏறிவரும் கணவாயில், வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி ஒரு குலம் தன் எழுச்சியை அறிவித்த இடம் அது. அறிவித்தவர் ஒரு கைம்பெண்.

அவர் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார்? மாதக்கணக்கில் நோன்பிருப்பவர், வீட்டிலேயே தவம் செய்பவர், பிரம்மசரியம் காப்பவர், வேதிசிறியின் தாய். பாலஸ்ரீயும் ஏறத்தாழ இதே சொற்களால்தான் தம்மைக் காட்டுகிறார்: தவம், அடக்கம், நோன்பு. இரண்டு பெண்களுக்கும் நடுவே தலைமுறைகள் இருக்கின்றன. சமயச் சாய்வும் வேறு. ஒருவர் வேதவேள்விகளைப் பட்டியலிடுகிறார், மற்றவர் பௌத்தத் துறவிகளுக்குக் கொடுக்கிறார். ஆனால் பேச அனுமதி கேட்கும்போது இருவரும் நீட்டும் சான்றிதழ் ஒன்றே. கணவன் இல்லாத பெண் பொதுவெளியில் பேச வேண்டுமானால், தன் உடலைத் தான் வென்றுவிட்டதாக முதலில் உறுதி சொல்ல வேண்டும்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை இங்கே நமக்குத் துணை நிற்கிறது. அகமணமே சாதியின் சாரம் என்றும், உடன்கட்டை ஏற்றுவது, கைம்மையைத் திணிப்பது, சிறுவயதில் மணமுடிப்பது ஆகியவை அகமணத்தைக் காக்கும் வழிகள் என்றும் அவர் விளக்கினார். உமா சக்ரவர்த்தி 1993இல் பார்ப்பனிய ஆணாதிக்கம் என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தபோது, சாதியின் தூய்மை பெண்ணின் உடலைக் காவல் காப்பதில் இருக்கிறது என்பதை இன்னும் விரித்தார். இந்த வெளிச்சத்தில், பாலஸ்ரீ தம் மகனுக்குச் சூட்டும் ஒரு புகழை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: நான்கு வருணங்களும் கலந்துவிடாமல் தடுத்தவன்.

வருணம் கலப்பது என்றால் நடைமுறையில் என்ன? எந்தப் பெண் எந்த ஆணோடு வாழலாம், யார் வயிற்றில் யார் பிள்ளை பிறக்கலாம் என்பதுதான். அந்தக் கலப்பைத் தடுத்தான் என்றால், அவன் ஆட்சியின் வன்மை வந்து இறங்கிய இடங்களில் ஒன்று பெண்ணுடல். அதைப் பெருமையாகப் பொறிப்பவர் ஒரு பெண். ஒரு பெண் எழுதியதாலேயே ஒரு பிரதி பெண்களின் பக்கம் நின்றுவிடாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்குத் தேவையில்லை. அரண்மனையின் தாய்க்குக் கிடைத்த சுவர், மற்றப் பெண்களைச் சுவருக்குள் வைத்த ஒழுங்கின் சார்பில் பேசியது.

வேரோடு அழிக்கப்பட்டவர்கள்

மகனைப் பற்றிப் பாலஸ்ரீ சொல்லும் இன்னொரு பெருமை, க்ஷஹராத வம்சத்தை மிச்சமில்லாமல் அழித்தவன் என்பது. இது வெறும் புகழ்ச்சியல்ல. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தேம்பியில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எல்லாம் நகபானனின் காசுகள். அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மீது கௌதமிபுத்திரன் தன் முத்திரையைப் புதிதாக அடித்திருந்தான். தோற்றவனின் முகத்தின்மேல் வென்றவனின் குறி. ஒரு குலம் எழுந்ததைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் காசுகள் போதும்.

ஆனால் அதே திரிரஷ்மி மலையில், சற்றுத் தள்ளி 10ஆம் குகையில், ஓர் அறைக்கு மேல் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. இந்த அறை தட்சமித்ராவின் கொடை என்கிறது. க்ஷஹராத அரசன் நகபானனின் மகள், உஷவதத்தனின் மனைவி. மிச்சமில்லாமல் அழிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குலத்தின் மகள், துறவிகள் படுத்துறங்க ஓர் அறை கொடுத்திருந்தார். அவருடைய பெயரை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. பாலஸ்ரீயின் துறவிகளும் தட்சமித்ராவின் துறவிகளும் ஒரே மலையில் பிச்சைப் பாத்திரத்தோடு ஏறி இறங்கினார்கள். காசில் அழிந்த குலம் கல்லில் மகளாக மிஞ்சியது.

அடுத்த தலைமுறைகளில் பாலஸ்ரீயின் சொற்கள் இன்னும் சிக்கலில் மாட்டுகின்றன. சகரில் இன்னொரு குலமான கார்த்தமகர் எழுந்தனர். கி.பி. 150ஐச் சேர்ந்த ஜுனாகத் கல்வெட்டில் ருத்ரதாமன், தக்காணத்தின் அரசனான சாதகர்ணியை இருமுறை வென்றும், உறவு நெருக்கமானது என்பதால் அழிக்காமல் விட்டதாகச் சொல்கிறான். அந்த உறவு எது என்பதற்கு விடை கன்ஹேரிக் குகைகளில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் அரசியைக் குறிப்பிடுகிறது. அவர் கார்த்தமக குலத்தில் பிறந்தவர், ஒரு மகாக்ஷத்ரபனின் மகள். அமைச்சர் சதேரகன் ஒரு நீர்த்தொட்டி கொடுத்ததைச் சொல்லவந்த வரிகளில் இந்தச் செய்தி இருக்கிறது.

வருணக் கலப்பைத் தடுத்தவன், சகரை அழித்தவன் என்று பாட்டி பொறித்த குலத்துக்கு ஒரு சகப் பெண் மருமகளாக வந்திருக்கிறார். அந்தத் திருமணம் குலத்தை அழிவிலிருந்து ஒருமுறை காத்திருக்கிறது. படையால் முடியாததை ஒரு பெண்ணை இடம் மாற்றிச் செய்துகொண்டார்கள். அவருடைய பெயர் என்ன? கல் உடைந்திருக்கிறது. தந்தையின் பெயரும் உடைந்துதான் இருக்கிறது. ஆனால் தொடக்க எழுத்தான 'ரு'வை வைத்து அறிஞர்கள் அவரை ருத்ரதாமன் என்று நிரப்பிவிட்டார்கள். மகளின் பெயரை நிரப்ப வழியில்லை. தந்தையின் பெயர் வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, மகளுடையது எங்கும் எழுதப்படவில்லை. வரலாற்றில் இடைவெளி எல்லோருக்கும் வரும். அதை அடைக்கத் தேவையான சான்றுகள் ஆண்களுக்கே அதிகம் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் குலத்தின் ஹாலன் என்னும் அரசனின் பெயரால் வழங்கும் காதா சப்தசதியையும் இங்கே நினைக்க வேண்டும். பிராகிருதத்தில் அமைந்த அந்த எழுநூறு குறும்பாடல்களில் பேசுவோர் பெரும்பாலும் பெண்கள். உழவர் வீட்டு மருமகள், வேடன் மனைவி, வழிப்போக்கனைத் திண்ணையில் படுக்கச் சொல்பவள். நம் அகப்பாடல்களோடு அந்தத் தொகுப்பை ஒப்பிடும் ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. உரைகாரர்கள் தரும் புலவர் பெயர்களில் ரேவா, மாதவி, அனுலக்ஷ்மி போன்ற பெண் பெயர்களும் உண்டு. வரம்பு மீறும் காதலும் களவும் அதில் நிறைந்திருக்கின்றன. கலப்பைத் தடுத்த குலம் என்று கல்லில் எழுதிய அதே குலத்தின் பெயரில், கலந்துகொண்டே இருந்த மக்களின் பாடல்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அரசனின் சட்டம் ஊரில் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்று அறிய விரும்பினால், புகழுரையைவிட இந்தப் பாடல்களிடம் கேட்பதே நல்லது.

ஆந்திரத்தின் அமராவதியில் விதிகன் என்ற தோல்தொழிலாளி தம் தாய், மனைவி, உடன்பிறந்தோர், மகன், மகள்கள் எல்லோருடனும் சேர்ந்து, பூரணகும்பம் செதுக்கிய ஒரு பலகையைத் தூபிக்குக் கொடையளித்திருக்கிறார். தம் தொழிலின் பெயரை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தனிப்பெயர் இல்லை. தாய், மனைவி, மகள்கள் என்ற உறவுகளே இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் புண்ணியத்தின் பங்குதாரர்கள். நான்கு வருணங்களின் ஒழுங்குக்குள் அடங்காத கைகளும் அதே தக்காணத்தின் கற்களில் எழுதிக்கொண்டிருந்தன.

வீழ்ச்சிக்குப் பின் மருந்து

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாதவாகனர் மறைந்தனர். யக்ஞ சாதகர்ணிக்குப் பிறகு குலத்தை இழுத்துப் பிடிக்க யாருமில்லை. மேற்கே கடல் துறைகளுக்காகச் சகரோடு நடந்த ஓயாத போட்டி. உள்ளே மகாரதி, மகாபோஜர் முதலான உள்ளூர்த் தலைவர்கள் வலுப்பெற்றார்கள். நிலப்பரப்பு துண்டு துண்டாகப் பிரிந்தது. நாசிக் பகுதி ஆபீரரிடமும், கிருஷ்ணை ஆற்றங்கரை இக்ஷ்வாகுகளிடமும் போயிற்று. புராணங்கள் இந்த வம்சத்தின் அரசர்களை ஒருவர்பின் ஒருவராக எண்ணிவைத்திருக்கின்றன. ஒரு பட்டியலில் 30 பேர், இன்னொன்றில் 19 பேர். எந்தப் பட்டியலிலும் ஒரு பெண் இல்லை.

ஆனால் மலையில் எழுத்து நின்றுவிடவில்லை. இக்ஷ்வாகுகளின் விஜயபுரியில், அதாவது நாகார்ஜுனகொண்டாவில், அரசன் சாந்தமூலனின் சகோதரி சாந்திஸ்ரீ பெரிய சைத்தியத்தை எழுப்பினார். அங்கும் அரசர்கள் தாய்ப் பெயரைச் சுமந்தார்கள், அங்கும் கொடை வழங்கிய கைகள் பெரும்பாலும் அரச குலப் பெண்களுடையவை.

நாசிக்கிலோ, ஆபீர அரசன் ஈஸ்வரசேனனின் 9ஆம் ஆட்சியாண்டில் ஒரு பெண் திரிரஷ்மி மலையில் ஒரு அறக்கட்டளையைப் பொறிக்கிறார். பெயர் விஷ்ணுதத்தா. சகன் அக்னிவர்மனின் மகள், ரேபிலனின் மனைவி, விஸ்வவர்மனின் தாய், உபாசிகை. தம்மைச் சகப் பெண் என்றே எழுதிக்கொள்கிறார். மலையில் தங்கும் துறவிகளில் யார் எந்த ஊரிலிருந்து வந்தவராயினும், எந்தப் பிரிவினராயினும், நோயுற்றால் மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கோவர்த்தனத்துத் தொழிற்சங்கங்களில் பணம் முதலீடு செய்கிறார். ஒரு சங்கத்திடம் 1,000 கார்ஷாபணம், நீர்ப்பொறி செய்வோர் சங்கத்திடம் 2,000, எண்ணெய் ஆட்டுவோர் சங்கத்திடமும் ஒரு தொகை. அசல் அப்படியே இருக்கும், வட்டியில் மருந்து வாங்க வேண்டும்.

சகரை அழித்ததாகப் பாலஸ்ரீ பொறித்த அதே மலையில், அவருடைய குலம் போன பிறகு, ஒரு சகப் பெண் மருந்துக்குப் பணம் வைத்தார். விஷ்ணுதத்தா பாலஸ்ரீயின் கல்வெட்டைப் படித்தாரா என்பது இங்கே பெரிதல்ல. அவரும் மகள், மனைவி, தாய் என்று மூன்று ஆண்களின் வழியாகவே தம்மை எழுதுகிறார். கொடுக்க அவரிடம் பணம் இருந்தது. பணமில்லாத சகப் பெண்களைப் பற்றி மலைக்கு எதுவும் தெரியாது. அவரையும் நான் தேவதையாக்க விரும்பவில்லை. ஆயினும் அவருடைய வரிகளில் யாரும் அழிக்கப்படவில்லை, எந்தக் கலப்பும் தடுக்கப்படவில்லை. நோயாளி யார் என்று கேட்காத ஒரு விதி மட்டும் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள், 'அப்படியானால் பாலஸ்ரீயை நாம் கொண்டாடக் கூடாதா மேடம்?' பெண்ணெழுத்தின் வரலாற்றை எழுதும்போது இந்தக் கேள்வி நம் எல்லோரிடமும் வருகிறது. 'முதல் பெண் குரல்' என்ற கிரீடத்தை யாருக்காவது சூட்டத் துடிக்கிறோம். கிரீடம் சூட்டிய பிறகு அந்தக் குரலோடு வாதாட முடியாமல் போய்விடுகிறது. பாலஸ்ரீயைப் பாடநூல் மறந்தது ஓர் அநீதி. அவரை நினைவுகூர்ந்து, அவர் சொன்னதை மட்டும் மறந்துவிடுவது இன்னொரு அநீதி. முதலாவது அவரைப் பேசாதவராக்கியது. இரண்டாவது அவரைச் சிந்திக்காதவராக்குகிறது. தம் மகனின் வெற்றியை எப்படிச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ககடியை விட்டார், வருண ஒழுங்கை வைத்துக்கொண்டார். ஓர் ஆசிரியராக அவரை மதிப்பது என்றால் அந்தத் தேர்வுகளுக்கு அவரைப் பொறுப்பாக்குவதுதான்.

ஆகவே நான் மாணவிகளுக்குப் பரிந்துரைப்பது ஒரு வாசிப்பு முறை. பாலஸ்ரீயின் கல்வெட்டைத் தனியே படிக்க வேண்டாம். 18ஆம் ஆண்டு ஆணை, 24ஆம் ஆண்டு ஆணை, பாலஸ்ரீ, தட்சமித்ரா, விஷ்ணுதத்தா என்று மலையின் ஐந்து பிரதிகளையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். கன்ஹேரியின் பெயரில்லாத அரசிக்கு நடுவில் ஓர் இடம் விடுங்கள். ஒரு குலம் எழுந்ததற்கும் விழுந்ததற்கும் தேவையான எல்லாம் அந்தச் சில வரிகளுக்குள் கிடைக்கும். 'கல்வெட்டு கூறுகிறது' என்று தேர்வில் எழுத வேண்டிவந்தால், கூறியவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் கூடாது, வாக்கியம் சரியாகும்.